எக்ஸ்பல்ஸுக்கு அகல ஃபுட்ரெஸ்ட்: மாட்டியது அரை மணியில், சரியானது மூன்றாவது ஞாயிற்றில்

என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கில் ரொம்ப நாளாக மாற்ற நினைத்தது ஃபுட்ரெஸ்ட்டைத்தான், அதாவது கால் வைக்கும் பெக்கை. ஊருக்குள் ஆபீஸ் போய்வரக் கம்பெனி பெக்கே தாராளம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையைத் தாண்டி மண் பாதையில் இறங்கி, சீட்டை விட்டு எழுந்து நின்றபடியே ஒரு மணி நேரம் ஓட்டும்போது உடம்பு எடை மொத்தமும் உள்ளங்காலில் மூன்று விரல் அகலத்தில் இறங்குகிறது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் பாதத்துக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. பெக் அகலமானால் எடை பரவும், பூட்ஸுக்கும் நல்ல பிடி கிடைக்கும்.

பெரிய பிராண்டுகளின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆன்லைனில் 1,600 ரூபாய்க்கு ஒரு செட் வாங்கினேன். இரண்டு பெக், அவற்றை வண்டியில் கோக்கும் பின், பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே வரும் சின்னக் குழாயான புஷ், ஸ்பிரிங், பிரேக் பெடல் நுனியில் மாட்ட ஒரு அகலத் தகடு, அவ்வளவுதான். அலுமினியத்தில் பளபளவென்று இன்னொன்று இருந்தும் இரும்பையே எடுத்தேன். இரும்பு என்றால் ஏதாவது கோளாறு வந்தாலும் பக்கத்துப் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். அந்த யோசனைதான் கடைசியில் கைகொடுத்தது.

கழற்றுவது சுலபம். பெரிய பின் கழன்று விழாமல் அடியில் கால் விரித்து மாட்டியிருக்கும் ஸ்பிளிட் பின்னை நேராக்கி உருவி, பெரிய பின்னைத் தட்டி எடுத்தால் பெக் கையோடு வந்துவிடும். கழற்றும் முன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது, அதன் இரண்டு கால்களும் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று கிட்டத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று. மாற்றிப் போட்டால் மடங்கிய பெக் தானாகத் திரும்பி வராது. செட்டில் வந்த ஸ்பிரிங் கைக்கே தொளதொளவென்று இருந்ததால் பழையதையே துடைத்து, கிரீஸ் வைத்துப் போட்டுவிட்டேன்.

மாட்டியதும் ஏறி நின்று பார்த்தேன். அகலம் பிரமாதம், ஆனால் பெக் இரண்டும் வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தன, கணுக்கால் வெளியே சாய்ந்தது. கையால் பிடித்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் வேறு. கோவை கணபதி பகுதியில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, பின்னு எட்டு மில்லி, ஓட்டை பத்து மில்லி. நடுவுல குடுத்திருக்கிற புஷ்ஷு ரெண்டுக்குமே பத்தாதுங்க" என்றார். நான்கு புஷ் புதிதாகக் கடைந்து, இறுக்கமாகத் தட்டி ஏற்றிக்கொடுத்தார். தாழ்வுக்குக் காரணம் வேறு. பெக்கின் பின்பக்கம், வண்டியில் அதைத் தாங்கும் பிராக்கெட்டில் போய் முட்டி நிற்கும் முகத்தைத் தேவைக்கு மேல் சீவியிருந்தார்கள். அங்கே கொஞ்சம் வெல்டிங் மெட்டல் ஏற்றி, பைக்கில் வைத்துப் பார்த்து, அரம் போட்டு, மறுபடி வைத்துப் பார்த்து என்று நாலைந்து முறை செய்தபின் பெக் மட்டத்துக்கு வந்து, நுனி ஒரு நூல் மேலே நின்றது. வாஷர் சொருகி ஒப்பேற்ற வேண்டாம், ஆட்டத்தில் நகர்ந்து விழுந்துவிடும். வெல்டிங்குக்குப் பிறகும் பெக் முழுதாக மடங்குகிறதா என்று பார்த்தேன். வண்டி சாய்ந்து விழும்போது அது மடங்கித்தான் ஆக வேண்டும், மடங்காவிட்டால் அடி முழுக்கப் பிராக்கெட்டுக்குப் போகும். பட்டறையில் 350 ரூபாய் ஆனது.

அடுத்த ஞாயிறு நண்பனோடு கிளம்பினேன். ஆறேழு கிலோமீட்டர் போனதும் அவன் ஹார்ன் அடித்து நிறுத்தி, "டேய், உன் பிரேக் லைட் அணையவே இல்லடா" என்றான். பின் சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சுர்ரென்று ஆவியாகிவிட்டது. புது பெக் பழையதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே நிற்கிறது, பின் பிரேக் பெடலோ பழைய உயரத்திலேயே. நின்று ஓட்டும்போது பூட்ஸ் நுனி பெடலை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. பிரேக் போடுகிறோம் என்றே காலுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு மெதுவாகத் திரும்பி, டிஸ்க் ஆறியபின் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே, அதன் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடின் லாக்நட்டைத் தளர்த்தி, ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பெடலைத் தாழ்த்தினேன். இங்கே அவசரமே கூடாது. காலை எடுத்தபின் உள்ளே இருக்கும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை திறக்கும். ராடு பிஸ்டனை எப்போதும் லேசாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும், ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, போக வழியில்லாமல் சக்கரத்தையே பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு திருகலுக்கும் பெடலைக் கையால் அமுக்கி, ஆரம்பத்தில் வெறுமனே கொஞ்சம் இறங்குகிறதா என்று பார்த்தேன். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியும் பார்த்தேன். பிரேக் லைட் சுவிட்சையும் புது உயரத்துக்கு அட்ஜஸ்ட் செய்தேன். அகலத் தகட்டின் போல்ட் தளராமல் இருக்க லாக்டைட் பசை ஒரு சொட்டு.

பிரேக்குக்குச் செய்ததையே கியர் லிவருக்கும் செய்யலாம் என்று, ஷாஃப்டில் வெள்ளை பெயிண்டால் அடையாளம் போட்டு, லிவரை ஒரு பல் இறக்கி மாட்டினேன். தப்பு. செருப்போடு பார்த்தபோது சரியாகத் தெரிந்தது, பூட்ஸ் போட்டதும் நுனி லிவருக்கு அடியில் நுழையவே இல்லை. பெக் தாழ்ந்ததால் தடி பூட்ஸுக்கு அடியில் இடம் தானாகவே கிடைத்திருந்தது, நான்தான் அதைக் கெடுத்திருந்தேன். மறுபடி பழைய அடையாளத்துக்கே கொண்டுவந்தேன். எந்த ஷூவோடு ஓட்டுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.

மூன்றாவது ஞாயிறு அதே மண் பாதை, அதே ஒரு மணி நேரம். பிரேக் லைட் அணைந்தே வந்தது, டிஸ்க் சூடாகவில்லை, காலில் கோடும் இல்லை. இப்போது 600 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஸ்பிளிட் பின்களை மட்டும் வாரம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். வெல்டிங் வைத்த இடத்தில் துரு எட்டிப்பார்க்கிறது, இந்த வாரம் கழற்றி பிரைமர் அடிக்க வேண்டும்.