கரிசலுக்கு ஏற்ற டயர்: ஒரு பிக்கப் வண்டியின் நாட்குறிப்பு

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

காலையில் வண்டியைக் கழுவும்போது பின்சக்கரத்தின் பட்டனை, அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளின் உயரத்தை, அளந்து பார்த்தேன். 2.5 மி.மீ. இருக்கிறது. விதிப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. இந்த டயரோடு மழையில் தோட்டத்துப் பாதையில் இறங்க எனக்குத் துணிவில்லை.

போன கார்த்திகை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பேரையூர் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கினால் எங்கள் தோட்டத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் மண்பாதை, நடுவே ஒரு ஓடை. முழுக்கக் கரிசல். டிராக்டர் போய்ப் போய் இரு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மாட்டு முதுகு போல மேடு நிற்கும். பன்னிரண்டு உர மூட்டையோடு உள்ளே போனேன். பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது இரு பின்சக்கரங்களுக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூடு, அந்த மேட்டில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. அப்பா மழையில் நனைந்தபடி என்னோடு சேர்ந்து அத்தனை மூட்டையையும் இறக்கினார். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்து வெளியே விடும்போது ராத்திரி ஒன்பது மணி. அப்பாவுக்கு அதன்பின் ஒரு வாரம் காய்ச்சல்.

வண்டி 2017 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், இரண்டாம் கையாக வாங்கியது. அதற்கான டயர் 245/70 ஆர்16. எப்படியும் டயர் மாற்ற வேண்டும், கொஞ்சம் உயரமாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ரிம்மை மட்டும் மாற்றப் போவதில்லை. வண்டியோடு வந்த அலாய் நான்கும் நெளிவு இல்லாமல் நன்றாக இருக்கின்றன. வெளியே துருத்தும் ரிம் போட்டால் பாரம் பேரிங்கை விட்டு வெளியே தள்ளி விழும், ஸ்டியரிங்கும் கனக்கும். மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு அது வேண்டாம்.

செப்டம்பர் 25, புதன்

ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். டயர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. 245 என்பது அகலம், மி.மீ. கணக்கில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 245இல் 70 சதவீதம் 171.5. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 343. 16 அங்குல ரிம் 406.4 மி.மீ. மொத்த உயரம் 749.4.

எல்லோரும் சொல்லும் அளவு 265/70 ஆர்16. அதன் உயரம் 777.4. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் 265/70க்கு ரிம் குறைந்தது 7 அங்குல அகலம் வேண்டும். 8 அங்குல ரிம்மில்தான் அது தன் முழு வடிவத்தில் உட்காரும். என் ரிம்மில் 7ஜே என்று அச்சிட்டிருக்கிறது, அதாவது அனுமதியின் கடைசி ஓரம். ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் பக்கச்சுவர் உள்ளே மடங்கி, தரையில் படும் பரப்பு நடுவில் புடைத்து, நடுப்பட்டன் சீக்கிரம் தேயும்.

அடுத்தது 245/75 ஆர்16. அகலம் பழையதுதான், 7 அங்குல ரிம் அதற்கு அளவெடுத்தது போல. உயரம் மட்டும் கூடி 773.9 ஆகிறது. 265க்கும் இதற்கும் உயர வித்தியாசம் மூன்றரை மி.மீ.தான்! அந்த மூன்றரைக்காக எதற்கு அகலத்தைச் சுமக்க வேண்டும்?

அப்பாவிடம் சொன்னேன். "டிராக்டருக்கு முன்னாடி டயரு ஏன் ஒல்லியா இருக்கு? சேத்தை அறுத்துக்கிட்டுக் கீழ கெட்டி மண்ணைப் பிடிக்கத்தான். அகலமா இருந்தா மேலாப்புல வழுக்கிக்கிட்டே கெடக்கும்ப்பா" என்றார். அரை மணி நேரம் நான் போட்ட கணக்கும் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதி வைக்கிறேன். டயர் 24.5 மி.மீ. உயர்ந்தாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 12 மி.மீ. சுண்டுவிரல் தடிமன் அளவுதான். ஆனால் அந்த உருண்டையைத் தரையிலிருந்து தூக்க டயரைத் தவிர வேறு வழி இல்லை. ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினால் மேலே உள்ள உடல்தான் எழும்பும், அச்சு அங்கேயேதான் இருக்கும்.

செப்டம்பர் 28, சனி

வாங்குவதற்கு முன்பே உரசுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி செய்தேன். ஓடையிலிருந்து கரிசல் மண்ணை எடுத்து வடை மாதிரி தட்டி, 13 மி.மீ. கனத்தில், முன்சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையில் டயர் நெருங்கி வரும் இடங்களில் எல்லாம் ஒட்டினேன். பழைய டயரோடு வரப்பில் ஒரு சக்கரத்தை ஏற்றி, இடது வலது ஃபுல் கட் அடித்து, முன்னும் பின்னுமாக ஓட்டினேன். பழைய டயர் அந்த மண்ணைத் தொட்டால் புது டயர் பிளாஸ்டிக்கைத் தொடும்.

நான்கு இடங்களில் மண் அப்படியே இருந்தது. கதவுப் பக்கம், மட்ஃப்ளாப்புக்கு மேலே உள்ள ஓரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துவிட்டிருந்தது. உள்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்முக்கும் டயருக்கும் இடைவெளி தாராளம். அகலம் மாறாததால் அங்கே பயமே இல்லை.

அடியில் தொங்கும் ஸ்டெப்னி இடத்தையும் அளந்தேன். ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்க வேண்டும். உயரம் வேறான டயரைப் பின்னால் மாட்டினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நிலையில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கியர் பெட்டி கெடும்.

அக்டோபர் 3, வியாழன்

பைபாஸ் ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் 265/75 போடச் சொன்னார்கள், உரசினால் சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் வட்டு வைத்துக்கொள்ளலாமாம். அந்த டயர் 804 மி.மீ., ஏழு சதவீதத்துக்கு மேல் உயரம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது கடை அண்ணன் முதலில் ரிம் அகலம் எவ்வளவு என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் இங்கேதான் வாங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பாரக் குறியீடும் பார்த்தேன். பழையதில் 111, அதாவது ஒரு டயர் 1090 கிலோ தாங்கும். புதியதிலும் 111. அதற்குக் குறைந்து வாங்கவே கூடாது, மூட்டை வண்டியில் அது உயிர் விஷயம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதனால் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு டயர் அளவைக் குறித்து எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன். வாய்ப்பேச்சில் விட எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 9, புதன்

இன்று மாட்டியாயிற்று. அரை லட்சத்துக்கு மேல் செலவு, ஆனால் மனம் நிறைவாக இருக்கிறது.

டயரை இறக்கியதும் பக்கச்சுவரின் நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்தேன். 2624 என்றால் 2024இன் 26ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயரில் அப்படி இருந்தது. ஒன்றில் மட்டும் 4422. அண்ணனிடம் காட்டினேன். முகம் கோணாமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்.

மூட்டை நிறுக்கும் தராசைக் கையோடு கொண்டு போயிருந்தேன். கடைப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள். தேய்ந்த பழைய டயர் 14.2 கிலோ, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான புது ஆல் டெரெய்ன் டயர் 17.6 கிலோ. சக்கரத்துக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ கூடுதல், அதுவும் சுற்றுகிற எடை. இதை வண்டி உணரும்.

ரிம்மின் விளிம்பில் படிந்திருந்த பழைய ரப்பரையும் அழுக்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார்கள். டியூப்லெஸ்ஸில் மெதுவாகக் காற்று இறங்குவதற்கு முக்கால்வாசி இந்த அழுக்குதான் காரணம் என்றார் அண்ணன். வால்வுகளையும் மாற்றினோம். காற்று ஏற ஏற டயரின் விளிம்பு 'டப் டப்' என்று இரண்டு முறை ரிம்மில் ஏறி உட்கார்ந்தது. பேலன்சிங்கில் ஒரு சக்கரம் சமநிலைக்கு 90 கிராம் எடைக்கட்டி கேட்டது. டயரை ரிம்மில் பாதி சுற்று திருப்பி மாட்டினோம், 35 கிராமில் முடிந்தது. இந்தப் பொறுமை எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆறு நட்டையும் எதிரெதிராக முடுக்கி, கடைசியில் முடுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் சரி பார்த்தார். அப்புறம் அலைன்மென்ட்.

திருமங்கலம் வந்து சேரும் வரை ஜன்னலை இறக்கிவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். 60க்கு மேல் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. வேகத்தடையில் இரண்டாவது கியரில் முன்பு ஏறிய இடத்தில் இப்போது இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. புது டயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அப்பாதான் ஓட்டினார்.

அக்டோபர் 14, திங்கள்

மண் வடை காட்டிக் கொடுத்த அதே இடத்தில் உரசியது. ரிவர்ஸில் ஃபுல் கட் அடித்து மேட்டில் ஏறும்போது மட்டும் 'சர்ர்' என்று சத்தம். மட்ஃப்ளாப்பின் இரண்டு ஸ்குருவைக் கழற்றிப் பின்னால் தள்ளி மாட்டினேன். பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை ஹீட் கன் வைத்து இளக்கி, மரக்கட்டையால் அமுக்கிப் பிடித்து ஆறவிட்டேன். பிளாஸ்டிக்கை வெட்டவில்லை. வெட்டினால் சேறு உள்ளே ஏறி வயரில் படியும்.

இப்போது இடைவெளியில் ஒரு விரல் நுழைகிறது. நட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பார்த்தேன், 140 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒன்று கால் சுற்று இடம் கொடுத்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

விருதுநகர் ரோட்டில் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சோதித்தேன். 20 கல் தாண்டினேன், மீட்டர் 19.4 காட்டியது. கணக்குச் சரி. பழைய டயர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 425 சுற்று சுற்றியது, இது 411 தான் சுற்றும். வண்டி சுற்றைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அல்ல.

வேகமும் பார்த்தேன். முன்பு மீட்டரில் 80 என்றால் ஜிபிஎஸ்ஸில் 76. இப்போது 78 முதல் 79. வழக்கமாக மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் தப்பித்தோம். இதற்கு மேல் டயரை உயர்த்தியிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்ட ஆரம்பித்திருக்கும், அது ஆபத்து. டீசல் கணக்கு போடும்போதும் ஓடிய தூரத்தை 1.033ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கினால் மைலேஜ் 12.4. பழைய டயரில் 12.9.

அக்டோபர் 26, சனி

நல்ல மழைக்கு அடுத்த நாள். எட்டு உர மூட்டை, பக்கத்தில் அப்பா.

தார் ரோட்டு முனையில் நின்று நான்கு டயரிலும் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். ஃபோர் வீல் போட்டு, இரண்டாவது கியரில், நிறுத்தாமல், மிதித்து விடாமல் போனேன். முதல் ஒரு கிலோமீட்டர் பட்டன் இடுக்கில் மண் அப்பி, சக்கரம் கறுப்புச் சில்லாகவே மாறிவிட்டது. இந்த மண் ஈரத்தில் உப்பிப் பிசின் போல ஒட்டும், எந்தப் பட்டனும் அதை முழுசாக உதறிவிட முடியாது. ஆனாலும் வண்டி தேங்கவில்லை. ஓடைக்கு முன்னால் போன வருஷம் உட்கார்ந்த அதே மேடு. அடியில் 'பரபர' என்று மண் உரசும் சத்தம் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உருண்டை அந்த மேட்டைச் சீவிக்கொண்டு கடந்துவிட்டது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ஓடை தாண்டியதும் இறங்கி, மேட்டில் பதிந்திருந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். "ஒரு விரக்கடைதான்ப்பா" என்றார்.

திரும்பி வந்ததும் சிகரெட் லைட்டரில் சொருகும் கம்ப்ரசரால் காற்றேற்றினோம், நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆனது. 20 காற்றோடு தார் ரோட்டில் ஓடக் கூடாது, பக்கச்சுவர் சூடாகிக் கிழியும்.

நவம்பர் 17, ஞாயிறு

என் மகளின் சாக்பீஸ் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து டயரின் குறுக்கே தடிமனாகக் கோடு போட்டு, நேரான தார் ரோட்டில் நூறு அடி ஓட்டிப் பார்த்தேன். 38 காற்றில் நடுவில் மட்டும் கோடு அழிந்தது. 34இல் நடுவில் லேசாக முந்தியது. 32இல் முழு அகலத்துக்கும் ஒரே சீராக அழிந்தது. பத்து மூட்டை ஏற்றிக்கொண்டு பின்சக்கரத்தில் அதையே செய்தேன். அப்போது 40 தேவைப்பட்டது.

முன் 32, பின் காலிக்கு 32, மூட்டைக்கு 40, கரிசலுக்கு 20. ஓட்டுநர் கதவின் உள்பக்கம் வெள்ளை பெயிண்டால் எழுதியிருக்கிறேன். அப்பா கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக.