கிணற்றுக்குள் சுற்றும் சேறு

மன்னார் கடலில் 2011 இல் எரிவாயு கண்டுபிடித்த நாளிலிருந்து கொழும்பில் எண்ணெய் பற்றிக் கதைக்காத ஆளில்லை, ஆனால் கிணறு துளைக்கும்போது வெட்டிய கல்துண்டுகளை மேலே கொண்டுவந்து, தன் பாரத்தால் நிலத்தடி அழுத்தத்தையும் அடக்கியபடி உள்ளே சுற்றும் சேற்றைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஆழமான, சூடான கிணறுகளுக்கு அநேகமாக எண்ணெய்ச் சேறுதான். எண்ணெய்க்குள் கல்சியம் குளோரைட்டு உப்புநீர் நுண்துளிகளாக நிற்கும். அவை ஒன்றுசேர்ந்து பிரிந்துவிடாமல் பிடித்து வைப்பது குழம்பாக்கி, கொழுப்பமில வகை என்றால் சுண்ணாம்பு சேர்த்தால்தான் வேலைக்கு இறங்கும். தடிப்புக்கு, எண்ணெயோடு சேருவதற்காக அமைன் என்ற சேதனச் சேர்மம் ஏற்றிய களிமண்; பாரத்துக்கு பேரைட்டு என்ற பாரமான கனிமத் தூள்.

சரி, சிக்கல் எங்கே? சூட்டில். 180 பாகை செல்சியஸை நெருங்கினால் களிமண்ணில் ஏற்றிய அமைன் சிதையத் தொடங்கும், சேறு இளகும், பேரைட்டு அடியில் படியும், பிறகு கிணற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதே கஷ்டமாகிவிடும்.

ஆய்வுகூடத்தில் சேற்றை உருக்குக் குடுவையில் அடைத்து, சூளைக்குள் உருட்டியபடியே 16 மணித்தியாலம் சூடாக்குவோம். திறந்ததும் கண்ணாடிக் கோலை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும், அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அந்தக் கலவை சரிவராது. அப்புறம் மின்முனையை விட்டு எத்தனை வோல்ட்டில் மின்சாரம் பாய்கிறது என்று அளப்போம், சூடாக்குவதற்கு முன் இருந்ததைவிட அது நன்றாக இறங்கியிருந்தால் குழம்பாக்கி தாக்குப்பிடிக்கவில்லை.

கம்பஸில் இரசாயனவியல் படிக்கிற பிள்ளைகள் பெயின்ட் கம்பனி, மருந்துக் கம்பனியோடு நிற்காமல் இந்தப் பக்கமும் பாருங்கோ. களிமண்ணுக்குப் பதிலாகச் சூடு தாங்கும் பொலிமர், பலமான குழம்பாக்கி என்று செய்ய நிறைய இருக்கிறது. சந்தேகம் என்றால் இன்பொக்ஸில் கேளுங்கோ.