ஹேயியா மீன்குளம்: மதகுதான் உயிர்

ஹவாயின் ஓவாஹு தீவில், கானேஓஹே விரிகுடாவை ஒட்டி 88 ஏக்கரில் கிடக்கிறது ஹேயியா மீன்குளம். குளத்தைச் சுற்றிய சுவர் மட்டும் சுமார் 2 கிலோமீட்டர். சாந்தே கிடையாது. இரு முகப்பிலும் எரிமலைக்கல், நடுவே பவளக்கல் நிரப்பு. தண்ணீர் இடுக்குகளில் கசிந்து போவதால் அலையின் வேகம் அங்கேயே அடங்கிவிடும்.

மதகின் பெயர் மாகாஹா. குச்சிகளை நெருக்கிக் கட்டிய தட்டி. மடவைக் குஞ்சுகள் இடுக்கு வழியே உள்ளே வந்து, பாசி தின்று பெருத்து, திரும்ப முடியாமல் தங்கும். ஓதம் ஏறிப் புதுநீர் நுழைகையில் வளர்ந்த மீன்கள் மதகடிக்குத் திரளும். வலை அங்கே போட்டால் போதும். தூண்டிலும் வேண்டாம், இரையும் வேண்டாம்!

பாசி வளர இரண்டு தேவை: வெயில் அடிவரை எட்டும் ஆழமற்ற நீர், ஓடையின் நன்னீர். அந்த ஓடை மேலே சேம்பு வயல்கள் வழியே வரும். வண்டல் அங்கே படிந்துவிடும். வயல் அழிந்தால் சேறு குளத்துக்கு வரும். மலை முதல் கடல் வரை ஒரே அஹுபுவாஆ, அதாவது ஒரே நிலப்பிரிவு, என்று நிலத்தைப் பிரித்த அறிவு எனக்குப் பெரிய வியப்பு. கோனோஹிகி என்ற அதிகாரி நீரையும் மீனையும் கண்காணித்தார். குளத்துக்கு மெஹேஆனு என்ற காவல் தெய்வமும் உண்டு.

1965 வெள்ளத்தில் சுவர் உடைந்தது. சுவரில் முளைத்த அலையாத்தி மரங்களின் வேர்கள் கற்களைப் பெயர்த்தன. ஆகவே சீரமைப்பில் முதலில் மரத்தை அகற்ற வேண்டும், பிறகே கல்லடுக்கு. 2015இல் பெரிய உடைப்பை அடைத்துவிட்டார்கள்.