தேர்தலே இல்லாத கவுண்டி

அமெரிக்காவில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) என்றால் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில், வரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கும். ஹவாயில் மொலோகாய் தீவின் வடகரையிலுள்ள கலாவாவோவில் இவை எதுவுமே இல்லை. அதை நிர்வகிப்பது மாநில சுகாதாரத் துறை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 82. நிலப்பரப்பில் நாட்டிலேயே மிகச் சிறிய கவுண்டி இதுதான்.

சுகாதாரத் துறை நிர்வகிக்கக் காரணம் தொழுநோய். மூன்று பக்கம் கடல், பின்னால் செங்குத்தான மலைச்சுவர். நோயாளிகள் தப்பிவிடக் கூடாது என்றே இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1866இல் முதல் நோயாளிகளைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். காலப்போக்கில் அனுப்பப்பட்டவர்கள் மொத்தம் சுமார் 8,000 பேர், பெரும்பாலும் ஹவாய் பூர்வகுடிகள். அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பினார்கள். இதை நினைத்தாலே மனசு ஆறவில்லை. இன்றும் 16 வயதுக்குக் கீழானவர்கள் பார்வையாளராகப் போக முடியாது.

நோயாளிகளோடு வாழ்ந்து, அதே நோயில் 1889இல் இறந்த தேமியன் பாதிரியாரின் உடலை 1936இல் பெல்ஜியம் கொண்டுபோனார்கள். 1995இல் வலது கை மட்டும் திரும்பி வந்தது. புண்களுக்குக் கட்டுப்போட்ட கை. பழைய கல்லறையிலேயே புதைத்தார்கள்.

நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் 1969இல்தான் நீங்கியது. மருந்து வந்து இருபது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது! ஆனாலும் பலர் வெளியேறவில்லை. வீடு, நண்பர்கள், கல்லறைகள் எல்லாம் அங்கேதானே. அப்புறம், 1980இல் அது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. இப்போது அங்கிருப்போரில் பெரும்பாலோர் பூங்கா, சுகாதாரத் துறை ஊழியர்கள். அந்த நிலத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்யும்போது நோயாளிகளின் குடும்பங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.