'அதிபர்' எந்த ஊர் அதிபர்?

தமிழ்நாட்டுச் செய்திகளில் 'அதிபர்' வந்தால் அமெரிக்க அதிபர், ரஷ்ய அதிபர், இல்லாவிட்டால் தொழிலதிபர். இலங்கைத் தமிழில் அதே சொல் பள்ளிக்கூடத்தை நடத்துபவரைக் குறிக்கும். அவருக்கு அடுத்தவர் பிரதி அதிபர். மாவட்ட நிர்வாகத் தலைவர் அங்கே அரசாங்க அதிபர், காவல்துறைத் தலைவர் பொலிஸ் மா அதிபர். நாட்டுத் தலைவரோ ஜனாதிபதி.

சிக்கல் இங்கேதான். 'பரிசளிப்பு விழாவில் அதிபர் உரை' என்ற யாழ்ப்பாணச் செய்தியைச் சென்னை வாசகர் படித்தால், நாட்டின் தலைவரே வந்து பேசினார் என்று எண்ணுவார். தமிழ்நாட்டு வாசகருக்கு மாற்றி எழுதும்போது 'தலைமை ஆசிரியர்' என்று போடுங்கள். 'முதல்வர்' வேண்டாம், முதலமைச்சர் வந்து நிற்பார்!

இந்தியாவின் நாட்டுத் தலைவரை மட்டும் 'அதிபர்' என்று எழுதாதீர்கள். அவர் குடியரசுத் தலைவர். அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படும் பதவி.