அப்பா பாடிப்போன கதை

நேற்று இரவிலிருந்து வீடு முழுக்க நோவுக்குப் பூசுகிற சித்தாலேப மணம். எல்லாம் ‘பைசன்’ பார்த்த வினை.

கபடிப் படம் என்றதும் அப்பா ரிமோட்டைக் கையைவிட்டு இறக்கவேயில்லை. தூத்துக்குடிப் பக்கம் மணத்தி என்ற ஊரிலிருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய கணேசனின் வாழ்க்கையைத் தழுவின படம். பசுபதி மகனைக் கபடிக்கு விடப் பயந்து மறிக்கிற இடத்தில் அப்பா திரையைப் பார்த்து, “விடு மனுசா, பெடியன் போகட்டும்!” என்று சத்தம் போட்டார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுடைய கிரிக்கெட் மட்டையைச் சாதாரணதரப் பரீட்சைக்கு முதல் மாதம் அடுப்புக்குள் வைத்தது இதே கைதான். அன்றைக்குப் புட்டு வேகமாய் அவிந்ததாக அம்மா இப்பவும் சொல்லுவார்.

படம் முடிந்ததும் வழக்கமான கதை: “நானும் 97 இல மல்லாவியில…”

எங்கள் பக்கத்தில் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. வன்னியில் நாற்பது தாண்டின எல்லாரும் வகுப்பில் முதலாம் பிள்ளை, இல்லாவிட்டால் ஓட்டத்தில் மாவட்டச் சம்பியன். அத்தாட்சி கேட்டால், “சேட்டிபிக்கற் எல்லாம் 2009 சண்டையில போயிட்டுது.” அதற்குமேல் யார் வாய் திறப்பது?

அம்மா திறந்தார். “அப்ப கபடி பாடிக் காட்டுங்கோவன்.”

இரவு பத்தரைக்கு முற்றத்தில் விளக்குமாற்றுக் கட்டையால் கோடு கீறியாயிற்று. எதிரணிக்கு ஏழு பேர் வேணும்; நானும் தம்பியும் நாய் ஜிம்மியும்தான். ஒரு பாட்டுக்கு முப்பது செக்கன் என்று தம்பி போனில் நேரம் வைத்தான். அப்பா சரத்தை மடித்துக் கட்டி, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, கபடி கபடி என்று வந்தார். பதினோராவது செக்கனில் பாட்டு இருமலாய் மாறியது, அந்த நேரம் பார்த்து ஜிம்மி சரத்தைக் கவ்விக்கொண்டது. உலகத்தரப் பிடி. சரத்தைக் காப்பாற்றுவதா கோட்டைத் தொடுவதா என்று யோசித்த அப்பா சரத்தைக் காப்பாற்றினார். முழங்கால் ‘டக்’ என்றது.

சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இன்று காலை நெல்லுக் குத்த மில்லுக்குப் போனோம். அப்பா நொண்டிக்கொண்டு இறங்க, மில்கார ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் ஒரு காலை இழுத்துத்தான் நடப்பவர். சண்டையில் செல் குண்டு பட்ட கால் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

“தம்பி, இது உன்ர கொப்பர் செய்த வேலை. 97, மல்லாவிப் பள்ளிக்கூட மைதானம். நான்தான் பிடிச்சனான். இழுத்துக்கொண்டு கோடுவரைக்கும் போனவன், மாடு.”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மில்கார ஐயாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல, “தொட்டனான்தானே?” என்றார்.

“எங்க தொட்டனீ? ஒரு சாண் கிடந்தது!”

அன்றைய நடுவர் இப்போது கனடாவிலாம். நான் அரிசியைக் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றியும் முடிந்துவிட்டது. அவர்கள் தவிட்டில் கோடு கீறிக்கொண்டிருக்கிறார்கள்.