தனோட் தாய்க்கு ஒரு முடிச்சு

வேலூர்ப் பக்கத்து ஆள் ராஜஸ்தான் எல்லையில் இருக்கிற தனோட் மாதா என்கிற அம்மனுக்கு எப்படிக் கடன்பட்டான் என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். எல்லாம் 'பராக்ரம்' என்கிற ராணுவ நடவடிக்கை செய்த வேலை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்ததும் பட்டாளத்தை எல்லைக்கு ஏற்றினார்கள். எங்கள் மதராஸ் ரெஜிமெண்ட் பட்டாலியனும் தார் பாலைவனத்தில் போய் இறங்கியது. விடியலிலும் அந்தியிலும் ஸ்டாண்ட்-டு, அதாவது ஆயுதத்தோடு தயார்நிலையில் நிற்பது, நடுவில் கண்ணிவெடி புதைப்பது, அப்புறம் ரோல் கால். பிட்டு என்கிற பட்டாளத்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய நடை. சண்டை வரவில்லை. ஆனால் அந்தக் கண்ணிவெடி வேலையிலேயே போன உயிர்கள் உண்டு. காலையில் கூட டீ குடித்தவன் சாயங்காலம் இருப்பானா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

மற்ற ரெஜிமெண்ட்காரர்களுக்கு நாங்கள் எல்லோரும் 'தம்பி'தான். தலை நரைத்த சுபேதார் சாப்கூடத் தம்பிதான்! போஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு தாணி, அதாவது நாலைந்து குடிசையும் முள்வேலியும். அங்கே தலைப்பாகைத் தாத்தா ஒருவர் இருந்தார். 'கம்மா கணி' என்று கைகூப்பி வரவேற்பார். நாங்கள் பதிலுக்கு 'ராம் ராம் பாபா' என்போம். அந்த ஊரில் தண்ணீருக்கு எத்தனை பாடு என்று கண்ணால் பார்த்தவன் நான். அப்படியும் மோர் கொடுக்காமல் விடமாட்டார். கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் சில நாள் கிடைக்கும். எங்கள் லங்கர் சமையல்கட்டிலிருந்து சாம்பார் போகும், முகம் சுளித்துக்கொண்டே குடிப்பார். பெண்கள் முக்காட்டை நெஞ்சு வரை இழுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அவர்கள் குடத்தோடு கடந்து போகும்வரை நாங்கள் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அது எங்கள் சாப் போட்ட கட்டளை.

அப்போதுதான் 56 ஏபிஓ விலாசத்துக்குக் கடிதம் வந்தது. வீட்டுக்காரிக்கு ஏழாம் மாதம், பிரஷர் ஏறிவிட்டது, தாயா பிள்ளையா என்கிற நிலைமை. சுட்டி, அதாவது லீவு, கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. தாத்தாதான், "தனோட் மாதாவிடம் ருமால் (கைக்குட்டை) கட்டு, வேண்டியது நடந்தால் வந்து அவிழ்த்துவிடு" என்றார். எங்கள் கம்பெனி ஹவில்தார் மேஜர் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ரேஷன் வண்டியில் ஏற்றி அனுப்பினார். என் பச்சைக் கைக்குட்டையை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். பையன் பிறந்தான், அவளும் பிழைத்தாள்.

அதன்பிறகு போஸ்டிங் மேல் போஸ்டிங், பென்ஷன், வீடு கட்டுவது என்று வருஷங்கள் ஓடின. "ஏங்க, அந்த அம்மா கடன் நிக்குது" என்று அவள் சொல்லாத வருஷம் கிடையாது. போன குளிர்காலத்தில்தான் தாயே கூப்பிட்டாள்.

ஜெய்சல்மேரில் ரயிலை விட்டு இறங்கியதுமே சூழ்ந்துகொண்டார்கள். ஒட்டகச் சவாரி, கூடாரம், நாட்டியம்! கோயிலுக்குப் போகிறோம் என்று சொன்னால் காதிலேயே விழவில்லை. தனோட் 120 கிலோமீட்டர். பேசிய வண்டி வாடகை ராம்கட் தாண்டியதும் மாறிவிட்டது, லோங்கேவாலா போனால் தனிக் காசாம். பழைய பட்டாளத்து ஹிந்தியில் நாலு வார்த்தை சொன்ன பிறகுதான் டிரைவர் அடங்கினார். வழியில் கண்டியாலி மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் போனோம்.

கோயிலில் ஒரே கூட்டம். 1965 சண்டையில் பாகிஸ்தான் வீசிய குண்டுகளில் வெடிக்காமல் போனவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் இளிப்பும் செல்ஃபியும். கோயில் வளாகத்துக்குள் மட்டும் 450 குண்டு விழுந்தது, ஒன்றும் வெடிக்கவில்லை என்பார்கள். கண்ணிவெடியைக் கையால் தொட்டுப் புதைத்தவனுக்குத்தான் தெரியும், அது எப்பேர்ப்பட்ட கருணை என்று.

ஆரத்தி தொடங்கியது. அங்கே எல்லைப் பாதுகாப்புப் படை ஜவான்கள்தான் பூசாரிகள், டோலக் அடிப்பதும் அவர்களே. முன்னால் நின்ற ஆசாமி செல்போனைத் தூக்கிப் பிடித்ததில் தாய் முகமே தெரியவில்லை. வீட்டுக்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் புகுந்துவிட்டாள். சிவப்புச் சுன்னரி முக்காட்டுக்குள் தாய் முகம். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன, கை இரண்டும் தொடையோடு சேர்ந்தன. சாவ்தான், அட்டென்ஷன்! அப்படியே நிற்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடுகிறது. பக்கத்தில் இவள், "எம்புள்ளயக் குடுத்தவளே, எம்புள்ளயக் குடுத்தவளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆரத்தித் தட்டை நீட்டிய ஜவான் என் நிற்பைப் பார்த்துவிட்டு, "ராம் ராம் சாப், கௌன்ஸி பல்டன்?" என்று எந்த ரெஜிமெண்ட் என விசாரித்தான். "மதராஸ்" என்றேன். "அரே, தம்பி!" என்று சிரித்தான். என் பையனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

ஆயிரக்கணக்கான ருமால்களுக்கு நடுவில் என் பச்சைக் கைக்குட்டையை எங்கே தேடுவது? எதையாவது ஒன்றை அவிழ்த்துவிடுங்கள், தாய்க்குக் கணக்குத் தெரியும் என்றான் அந்த ஜவான். வெயிலில் சாயம் போன ஒரு முடிச்சு, நகத்தால் நெம்பியும் வரவில்லை. கடைசியில் இவள் பல்லால் கடித்துப் பிரித்தாள். யார் வீட்டு வேண்டுதலோ, அவர்களும் நன்றாக இருக்கட்டும். தாத்தாவின் தாணி எந்தப் பக்கம் என்று விசாரித்தேன், அவனுக்குத் தெரியவில்லை.

பிரசாதப் பொட்டலத்தை ஊர் வந்து அங்காளம்மன் முன்னால் வைத்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று வீட்டுக்காரி உத்தரவு போட்டுவிட்டாள். ரயிலில் ராத்திரி மெதுவாகக் கையை விட்டுப் பார்த்தேன், பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறாள்.